படிவத்தில் நாலரை மார்க். ஆனாலும் ஒப்பந்தம் ஏன் கைவிட்டுப் போகிறது?

கேள்வி இதுதான். கேட்டவர் கும்பகோணத்தில் இருந்துகொண்டு கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எடுத்து நடத்துகிறார்: ஹவுஸ்கீப்பிங், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், தோட்டம் எல்லாம் சேர்த்து. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை, திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரி, இரண்டு கல்யாண மண்டபங்கள். மாதாமாதம் வாடிக்கையாளர் திருப்திப் படிவம் வாங்குகிறார். சராசரி 5க்கு 4.5. இருந்தும் காலம் முடிந்ததும் மருத்துவமனை வேறு ஆளிடம் போய்விட்டது. கல்லூரியும் டெண்டர் விடப்போகிறதாம். படிவம் பொய்யா, ரேட்டைக் குறைக்க வேண்டுமா, இந்தத் தொழிலில் விசுவாசம் என்று ஒன்று உண்டா என்று கேட்கிறார்.

மருத்துவமனை நிர்வாகத்தில் உட்கார்ந்து ஒப்பந்ததாரர்களின் பில்லைப் பார்த்தவன் நான். அப்புறம் ஒப்பந்ததாரர் பக்கம் வந்து அதே பில்லைத் தயார் செய்தவன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

படிவம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எப்போது, எங்கே, யார் முன்னால் கையெழுத்தாகிறது என்று பாருங்கள். மாதக் கடைசியில் உங்கள் சூப்பர்வைசர் பில், வருகைப் பதிவேட்டின் நகல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோத்து நிர்வாக அலுவலரின் (ஏ.ஓ.) மேஜையில் வைக்கிறார். கடைசித் தாள் இந்தப் படிவம். அது இல்லாவிட்டால் அக்கவுண்ட்ஸில் பில் நகராது. ஏ.ஓ. பேனாவை எடுத்து முதல் கேள்விக்கு ஒரு டிக் போடுகிறார், பிறகு மேலிருந்து கீழாக அதே கட்டத்தில் வரிசையாக டிக். போனை ஒரு காதில் வைத்துக்கொண்டே இதைச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிரில் உங்கள் சூப்பர்வைசர் கைகட்டி நிற்கிறார், நேற்றுத்தான் ஏ.ஓ. வீட்டு மோட்டார் கோளாறுக்கு ஆள் அனுப்பிக் கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு 2 போட யாருக்கு மனசு வரும்?

ஒரு வருடத்துப் படிவங்களை எடுத்துத் தரையில் பரப்புங்கள். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மின்சார வேலைக்கும் ஒரே மார்க் விழுந்திருந்தால் அது பில் பாஸானதற்கான சாட்சி மட்டும்தான். தரத்தைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை.

அடுத்து, உங்கள் வாடிக்கையாளர் யார் என்பது. ஓட்டலில் சாப்பிடுகிறவரே பணம் கொடுக்கிறார், நன்றாக இல்லை என்றால் அவரே திட்டுகிறார். நம் தொழிலில் அப்படி இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் ஏ.ஓ. பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் மருத்துவமனையை நடத்தும் டாக்டர். கழிப்பறையை உபயோகிப்பவர் நோயாளிக்குத் துணைக்கு வந்த அவர் மனைவியோ அம்மாவோ. நடுவில் வார்டு சிஸ்டர். இவர்களில் உங்கள் படிவம் தொடுவது ஏ.ஓ.வை மட்டும். சிஸ்டர் பேசும் இடம் வேறு. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வரும்போது, 'சார், மூணு நாளா சிங்க்ல தண்ணி நிக்குது' என்று போகிறபோக்கில் சொல்வார். அந்த ஒரு வாக்கியம் உங்கள் 12 படிவங்களையும் அடித்துவிடும். கல்லூரியிலும் இதே கதை. விடுதிப் பெண்கள் எடுத்த குளியலறை வீடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து முதல்வருக்குப் போய், அவர் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்கும்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

சேவைத் தரத்தை அளப்பதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி இருக்கிறது. அதில் முதல் பெயரே நம் ஆள்தான்: சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போன பரசுராமன். அவரும் ஸைதாமல், பெர்ரி என்ற இருவரும் சேர்ந்து 1988இல் 'சர்வ்குவால்' என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை 22 கேள்விகளில், 5 தலைப்புகளில் அளப்பது. சொன்னதைச் சொன்னபடி செய்வது, கூப்பிட்டால் வருவது, விஷயம் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை, எதிராளியின் கஷ்டம் புரிந்து நடப்பது, கடைசியாகச் சீருடை, கருவி, கட்டடம் மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். அமெரிக்க வங்கி, காப்பீடு, தொலைபேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களிடம் 100 புள்ளிகளைக் கொடுத்து இந்த ஐந்துக்கும் பங்கு போடச் சொன்னார்கள். 1990இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், சொன்னதைச் செய்வதற்கு 32 விழுந்தது. கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களுக்கு 11.

நாம் எதில் பணத்தைப் போடுகிறோம்? புதுச் சீருடை, லோகோ போட்ட தொப்பி, தொடக்க நாளன்று வரிசையாக நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ. அந்தப் பதினொன்றுக்காகத்தான் அத்தனை பாடும்.

நோரியாகி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984இல் சொன்னதும் நமக்கு அப்படியே பொருந்தும். சில தரங்கள் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். குழாயில் தண்ணீர் வருவதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. கட்டடப் பராமரிப்பில் முக்கால்வாசி இந்த ரகம். ஆகவே நன்றாக வேலை செய்தால் கிடைக்கும் உச்ச பலன் 'புகார் இல்லை' என்பதுதான். புகார் இல்லாதவரும் உங்களை விரும்புகிறவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெராக்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை ஆராய்ந்தபோது, 'முழுத் திருப்தி' என்று 5 போட்டவர்கள், 'திருப்தி' என்று 4 போட்டவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாகத் திரும்ப வாங்கினார்கள் என்று தெரிந்தது. ஜோன்ஸ், சாஸர் இருவரும் 1995இல் இதை எடுத்துச் சொன்னார்கள். 4 என்பது கிட்டத்தட்ட 5 என்று நாம் நினைக்கிறோம். 4 போட்டவர் அடுத்த கொட்டேஷனைப் படிக்கத் தயாராக இருக்கிறவர்.

இனி நம் ஊர் விஷயம். டெல்டாவில் பராமரிப்பின் தரத்தை வருடச் சராசரியில் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. இங்கே கட்டடம் வயலுக்கு நடுவில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கும்போது பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். ராத்திரி முழுக்க எரிகிற மருத்துவமனை வராண்டாவில் விடியற்காலை போய்ப் பாருங்கள்: டியூப்லைட்டுக்கு நேர் கீழே பச்சையாக ஒரு விரிப்பு. ராத்திரி ஷிப்ட் அம்மா அவசரமாக ஈரமாப்பைப் போட்டு இழுப்பார். பூச்சி நசுங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும், நாற்றம் வேறு. அடுத்த ஒரு மணி நேரத்தில் சிஸ்டர்கள் டியூட்டி மாறி உள்ளே வருவார்கள், பார்ப்பார்கள். அந்த அம்மா மேல் தப்பே இல்லை. முதலில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டுத்தான் ஈரத்துணி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாசலை ஒட்டிய வெள்ளை விளக்கைக் கொஞ்சம் தள்ளி மாற்றி, வாசலில் மஞ்சள் விளக்கு போட்டால் பாதிப் பூச்சி குறையும் என்று ஏ.ஓ.விடம் புரட்டாசியிலேயே சொல்லியிருக்க வேண்டியது உங்கள் வேலை. படிவத்தில் 'தரை சுத்தமாக உள்ளதா' என்று கேட்டு, சித்திரையையும் ஐப்பசியையும் கூட்டி வகுத்தால் 4.5 வரத்தான் செய்யும். ஒப்பந்தம் என்னவோ ஐப்பசியில்தான் போகிறது.

தண்ணீரும் அப்படித்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் போர் தண்ணீர் உப்பு. உள்ளேயும் பல இடங்களில் கடினத் தண்ணீர். குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளைப் படலம் கட்டும். 'ஏன் இவ்வளவு அழுக்கு' என்று கேட்டதும் சூப்பர்வைசர் ஆசிட் பாட்டிலைக் கொடுத்துவிடுவார். ஒரு வாரம் பளபளக்கும். பிறகு டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டை ஆசிட் தின்னும், குழாயின் பூச்சு உரியும், ஆறு மாதத்தில் கழிப்பறை பழசாகத் தெரியும், பழி உங்களுக்கு. அதைவிட மோசம், அதே அறையில் பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். இங்கே தரம் என்றால் தினமும் ஈரத்தைத் துடைத்து எடுப்பதும், வாரம் ஒருமுறை மெல்லிய அமிலம் கலந்த கிளீனரும்தான். இதை ஒப்பந்தம் போடும் அன்றே எழுத்தில் சொல்லிவிட்டால் வெள்ளைப் படலம் இருவருக்கும் பொதுவான பிரச்சினை. அப்புறம் சொன்னால் அது உங்கள் சாக்குப்போக்கு.

மூன்றாவது, ஆள். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் அடுத்த சில வாரங்களில் குறுவை நடவு. செப்டம்பர், அக்டோபரில் சம்பா நடவு. உங்களிடம் வேலை செய்யும் பெண்களில் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் உண்டு. நடவில் கூலி அன்றே கையில். உங்களிடம் அடுத்த மாதம். ஆடியில் ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழா வேறு. இந்த நாட்கள் எல்லாம் காலண்டரில் முன்கூட்டியே தெரிந்தவை. தெரிந்திருந்தும், காலை ஏழு மணிக்கு வார்டில் ஆள் இல்லாதபோதுதான் சூப்பர்வைசர் போன் போட ஆரம்பிக்கிறார்.

சரி, விசுவாசத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை யாரும் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. ஒப்பந்தம் கைமாறினால் பெரும்பாலும் ஆட்கள் மாறுவதில்லை. போன மாதம் உங்கள் சீருடையில் இருந்த அதே அம்மா, இந்த மாதம் வேறு கலர் சீருடையில் அதே மூன்றாவது மாடியில் நிற்பார். மருத்துவமனைக்கு அவரைத்தான் பிடிக்கும். எந்த பெட்டுக்கு எப்போது பேசின் வேண்டும், எந்தப் பை மஞ்சள் எந்தப் பை சிவப்பு என்று அவருக்குத்தான் தெரியும். 2016 மருத்துவக் கழிவு விதிகளை அவர் படித்ததில்லை, ஆனால் கை தப்பாது. உங்கள் 4.5 மார்க்கில் நாலு மார்க் அவருடையது. அதை உங்கள் நிறுவனத்தின் மார்க் என்று நீங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள். வாடிக்கையாளர் யோசித்துப் பார்த்தார்: அந்த அம்மா இங்கேயேதான் இருக்கப்போகிறார், நடுவில் இருக்கும் கம்பெனி எதுவாக இருந்தால் என்ன, ரேட் குறைந்தவருக்கே கொடுப்போம்.

டிக், பாசு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் இதற்கு ஒரு பகுப்பு கொடுத்தார்கள். ஒருவர் உங்களிடமே தொடர்ந்து வாங்குவது ஒரு விஷயம், உங்களை மற்றவர்களைவிட உயர்வாக நினைப்பது இன்னொரு விஷயம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் அது போலி விசுவாசம். இத்தனை வருடம் மருத்துவமனை உங்களிடம் இருந்தது இந்த வகையாக இருந்திருக்கலாம். டெண்டர் விடுவது தலைவலி, புது ஆளுக்கு எல்லாம் சொல்லித்தர வேண்டும் என்ற சோம்பலில் ஓடியது. ரேட் வித்தியாசம் அந்தத் தலைவலியைத் தாண்டியதும் போய்விட்டார்கள்.

ஆக, நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மூன்றாவது மாடி அம்மாவால் செய்ய முடியாத, உங்கள் அலுவலகம் மட்டுமே செய்யக்கூடிய எதை நீங்கள் செய்தீர்கள்? அவர் லீவு போட்டால் அந்த மாடியின் வேலை தெரிந்த இன்னொருவரை அனுப்புவது. சம்பளத்தை 7ஆம் தேதிக்குள் போடுவது. ஒப்பந்ததாரர் சம்பளமோ பி.எஃப்.போ கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியான மருத்துவமனையின் தலையில் விழும். பெரிய டாக்டருக்கு அது தெரியும். செப்டிக் டேங்க் நிரம்பும் முன்னால் லாரி வரவழைப்பது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் உள்ளே ஆளை இறக்குவது, கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம் என்று சூப்பர்வைசருக்குப் புரியவைப்பது. ஜெனரேட்டர் பேட்டரி போகப்போகிறது என்று போவதற்கு முன் எழுதிக் கொடுப்பது. விசுவாசம் வருவதானால் இந்த இடத்தில்தான் வரும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மன்னார்குடி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய மருத்துவமனையில் ஜெனரேட்டர் பராமரிப்பை எடுத்திருந்தவர், ரோட்டில் கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, டிராக்டரில் டீசல் கேனும் மெக்கானிக்குமாக மதியத்துக்குள் வந்து நின்றார். அதற்கு அவர் கூடுதல் பில் போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கும் அவர் ரேட் மற்றவர்களைவிட அதிகம். ஒவ்வொரு முறையும் கொட்டேஷன் வாங்குவார்கள், கடைசியில் அவருக்கே கொடுப்பார்கள். அவருடைய சாதாரண நாள் வேலை அப்படியொன்றும் பிரமாதம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

புயலுக்குக் காத்திருக்க வேண்டாம். லிஃப்ட் நின்றது, சம்ப் மோட்டார் எரிந்தது போன்ற சின்ன விபத்துகள் மாதம் ஒன்றாவது வரும். அப்போது தகவல் யாரிடமிருந்து முதலில் போகிறது என்பதுதான் முக்கியம். சிஸ்டர் சொல்லி டாக்டருக்குத் தெரிந்தால் அது புகார். நீங்களே போன் போட்டு 'மோட்டார் எரிந்துவிட்டது, மாற்று மோட்டார் வண்டியில் வருகிறது, பத்து மணிக்குத் தண்ணீர் வரும், அதுவரைக்கும் இரண்டு டிரம் பிடித்து வைத்திருக்கிறோம்' என்று சொன்னால் அது சேவை.

எதை அளப்பது என்று கேட்பீர்கள். படிவத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அக்கவுண்ட்ஸுக்கு அது தேவை. அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பதில் புகார்ப் பதிவேட்டைப் பாருங்கள். மொத்தப் புகார் எண்ணிக்கையைப் பார்த்து மகிழவோ அழவோ வேண்டாம். புகார் திடீரென்று குறைந்தால் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்படலாம். பார்க்க வேண்டியது ஒரே இடத்தில் அதே புகார் திரும்ப வருகிறதா என்பதை. ஒரே சிங்க் மாதத்தில் மூன்று முறை வந்தால் அங்கே மூன்று முறையும் அடைப்பை எடுத்திருக்கிறார்கள், குழாய்ச் சரிவை யாரும் பார்க்கவில்லை. அடுத்து, முன்னறிவிப்பு இல்லாமல் காலியாக இருந்த இடங்கள் எத்தனை. பிறகு, புகார்களில் நீங்கள் முந்திக்கொண்டு சொன்னது எத்தனை, அவர்கள் சொல்லித் தெரிந்தது எத்தனை.

அரசு மருத்துவமனைகளில் 2015இலிருந்து நடக்கும், சுத்தத்துக்கு மார்க் போட்டு விருது கொடுக்கும் காயகல்ப் திட்டத்தின் முறையையும் கடன் வாங்கலாம். முதலில் உள் ஆட்களே பார்ப்பது, பிறகு பக்கத்து மருத்துவமனைக்காரர்கள் வந்து பார்ப்பது, பிறகு வெளியாட்கள். ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மூன்றே மார்க். உங்கள் கல்லூரி சூப்பர்வைசரை மண்டபத்துக்கும் மண்டப சூப்பர்வைசரைக் கல்லூரிக்கும் அனுப்பி மார்க் போடச் சொல்லுங்கள். முதல் மாதம் சண்டை வரும். வரட்டும்.

ரேட்டைப் பற்றி. அடிமட்டத்துக்குக் குறைக்காதீர்கள் என்று சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. 100 ரூபாய் சம்பளத்துக்கு பி.எஃப்.பில் உங்கள் பங்கு நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13, இ.எஸ்.ஐ. 3.25, குறைந்தபட்ச போனஸ் 8.33. கூட்டினால் 24.58. அப்புறம் வார விடுமுறை: ஏழு நாளும் 18 இடங்களில் ஆள் நிற்க வேண்டும் என்றால், ஆறு நாள் வேலை செய்கிறவர்களாக 21 பேர் வேண்டும். இதற்கு மேல் கெமிக்கல், கருவி, சூப்பர்வைசர், உங்கள் லாபம். இந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே ஒருவர் கொட்டேஷன் கொடுத்தால், அவர் 21க்குப் பதில் 18 பேரை வைத்து ஓட்டப்போகிறார் அல்லது பி.எஃப்.பில் கைவைக்கப்போகிறார். வாடிக்கையாளர் பக்க நியாயம் ஒன்றும் உண்டு. பில்லின் மேல் 18% ஜி.எஸ்.டி. வருகிறது. மருத்துவச் சேவைக்கும் கல்விக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், மருத்துவமனையாலும் கல்லூரியாலும் அந்த 18ஐ எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது, முழுக்கச் செலவு. அவர்கள் ரேட் பேசுவதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மண்டபங்கள் வேறு ரகம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, ஆவணியிலும் தையிலும் மூச்சு விட நேரமில்லை. அங்கே உரிமையாளர் பார்ப்பது ஒன்றே ஒன்று: முதல் பார்ட்டி காலி செய்து அடுத்த பார்ட்டி சாவி வாங்குவதற்குள் சமையல்கட்டும் கை கழுவும் இடமும் தயாரா. மாதச் சம்பளக் கணக்கில் ஒப்பந்தம் போட்டிருந்தால் முகூர்த்தக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள், இருவருக்கும் நல்லது.

கல்லூரி டெண்டருக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றால் நான் செய்வது இது. விலைத்தாளோடு இன்னும் சில தாள்கள் வைப்பேன். ஒன்றில் மேலே போட்ட ஆள் கணக்கு, சம்பளம் வாரியாகப் பிரித்து. இன்னொன்றில் வருட அட்டவணை: நடவு, திருவிழா, மழை, பூச்சி எந்த மாதம், அதற்கு நாம் என்ன செய்வோம், கல்லூரி என்ன செய்ய வேண்டும். மூன்றாவதில் போன வருடம் திரும்பத் திரும்ப வந்த புகார்கள், அவற்றில் எது தீர்ந்தது, எது தீரவில்லை, ஏன். தீராததை மறைக்க வேண்டாம். விடுதிப் பொறுப்பாளர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். கொடுப்பதற்கு முன்னால் அவரைத் தனியாகப் பார்த்து இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை விஷயத்தில் புது ஆள் வந்து ஒரு மழைக்காலம் போகட்டும். அதற்குப் பிறகு ஏ.ஓ.வைப் பார்க்கப் போகாதீர்கள், சிஸ்டரைப் பாருங்கள்.